கூட்டம் கலைந்த பிறகு நாற்காலி அடுக்குபவர்

நம் ஊரில் நடக்கும் சேவை மன்ற விழா ஒன்றை நினைத்துப் பாருங்கள். மேடையில் ஒரு வரிசை நாற்காலி. பின்னால் பெரிய பேனர். வரவேற்புரை முடிந்ததும் பொன்னாடை போர்த்தும் படலம் தொடங்கும். சிறப்பு விருந்தினருக்கு ஒன்று, நன்கொடை தந்தவருக்கு ஒன்று, முன்னாள் தலைவருக்கு ஒன்று, இந்நாள் தலைவருக்கு ஒன்று. நினைவுப் பரிசு, கைதட்டல், புகைப்படம்.

அந்த நேரத்தில் ஒருவர் மண்டபத்துக்கு வெளியே தண்ணீர் கேனை இறக்கிக்கொண்டிருப்பார். காலையில் மைக் செட் காரரை எழுப்பியவர் அவர். நலத்திட்ட உதவி பெற வந்த வயதான பெண்களைப் பெயர் சொல்லி அழைத்து உட்கார வைத்தவரும் அவர்தான். கூட்டம் கலைந்த பிறகு நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். நன்றியுரையில் அவருக்குக் கிடைப்பது, "மற்றும் விழா சிறக்க உழைத்த அனைவருக்கும்" என்ற ஒரே வரி.

எந்த ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். சில ஊர்களில் அவர் காக்கா, சில ஊர்களில் நானா, சில ஊர்களில் வெறும் பாய். லாத்தாவாகவும் இருக்கலாம். இரவு இரண்டு மணிக்கு இரத்தம் வேண்டும் என்று அழைப்பு வந்தால் எடுப்பவர். யாருமற்ற ஒருவர் அரசு மருத்துவமனையில் இறந்துவிட்டால் ஜனாஸா வேலைகளை முன்நின்று செய்பவர். மழைக்காலத்தில் சமைத்த சோற்றை வாளியில் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடப்பவர்.

இவரை நாம் எப்படிக் கௌரவிக்க வேண்டும்? கௌரவிக்கத்தான் வேண்டுமா? விளம்பரம் ஆகிவிடாதா? சேவை மன்றங்கள் இதை எப்படிச் செய்கின்றன? அவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியது என்ன? இந்தக் கட்டுரையில் இவற்றைப் பார்ப்போம்.

சேவை மன்றங்கள் எங்கிருந்து வந்தன?

இன்று நாம் காணும் சேவை மன்றங்களின் வடிவம் அமெரிக்காவின் சிகாகோ நகரில் உருவானது. 1905 பிப்ரவரி 23 அன்று பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் தம் நண்பர்கள் மூவருடன் ஓர் அலுவலக அறையில் கூடினார். பெருநகரத்தில் முகம் தெரியாமல் வாழும் தொழில்காரர்களுக்கு இடையே நட்பு வளர வேண்டும் என்பதுதான் முதல் நோக்கம். ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் அலுவலகத்தில் சுழற்சி முறையில் கூடியதால் ரோட்டரி என்ற பெயர் வந்தது. நட்புக்காகக் கூடியவர்கள் விரைவிலேயே ஊருக்கு எதையாவது செய்ய வேண்டும் என்ற எண்ணத்துக்கு வந்தனர். சிகாகோவில் பொதுக் கழிப்பறை அமைக்கப் பாடுபட்டது அவர்களின் தொடக்ககாலப் பணிகளில் ஒன்று. இந்தியாவில் 1919இல் கல்கத்தாவிலும், 1929இல் சென்னையிலும் ரோட்டரி சங்கங்கள் தொடங்கப்பட்டன.

1917இல் அதே சிகாகோவில் மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்பீட்டு முகவரின் முயற்சியால் லயன்ஸ் சங்கம் பிறந்தது. 1925இல் அதன் மாநாட்டில் பேசிய ஹெலன் கெல்லர், பார்வையற்றோருக்குத் துணை நிற்குமாறு உறுப்பினர்களை வேண்டினார். இன்று நம் ஊர்களில் லயன்ஸ் என்றாலே கண் சிகிச்சை முகாம் நினைவுக்கு வருகிறதே, அதன் வேர் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது. 1956இல் இந்தியாவுக்கும் லயன்ஸ் வந்தது.

இத்தகைய பொது மன்றங்களில் நாம் சேரலாமா என்று தயங்குபவர்கள் நம்மில் உண்டு. அவர்களுக்கு ஹில்ஃபுல் ஃபுளூல் ஒப்பந்தத்தை நினைவூட்டலாம். மக்காவில் அநீதி இழைக்கப்பட்டவர் எவராக இருந்தாலும் அவர் பக்கம் நின்று உரிமையைப் பெற்றுத் தருவது என்று அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் கூடிய குலத்தவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. நபித்துவத்துக்கு முன் நபி (ஸல்) அவர்கள் அதில் பங்கெடுத்தார்கள். பிற்காலத்திலும் அதைப் பெருமையாக நினைவுகூர்ந்தார்கள். நன்மையான காரியத்துக்காகப் பலரும் சேர்ந்து நிற்பது நமக்குப் புதிதல்ல.

ஒரு எழுத்தை மாற்றியவர்கள்

தன்னார்வலரின் உழைப்பு எவ்வளவு பெரிது, அதே சமயம் எவ்வளவு கண்ணுக்குத் தெரியாதது என்பதற்குப் போலியோ ஒழிப்பைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அந்த வேலை நம் சமுதாயத்தின் வாசற்படியிலேயே நடந்தது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

1979இல் பிலிப்பைன்ஸ் நாட்டுக் குழந்தைகளுக்குப் போலியோ தடுப்பு மருந்து கொடுக்கும் திட்டத்தை ரோட்டரி தொடங்கியது. 1985இல் அதை உலகத் திட்டமாக விரித்தது. 1988இல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் உள்ளிட்ட அமைப்புகள் இணைந்து உலகப் போலியோ ஒழிப்பு முயற்சியைத் தொடங்கின. அப்போது 125க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,50,000 பேரை அந்த நோய் தாக்கிக்கொண்டிருந்தது.

இந்தியாவில் 1995 முதல் பல்ஸ் போலியோ முகாம்கள் நடக்கின்றன. தேசிய அளவிலான ஒரு சுற்றில் சுமார் 17 கோடி குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கப்பட்டது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தப் பணியில் ஈடுபட்டனர். இத்தனைக்குப் பிறகும் 2009இல் இந்தியாவில் 741 பேர் பாதிக்கப்பட்டனர். அந்த ஆண்டு உலகில் பதிவான போலியோவில் ஏறத்தாழப் பாதி அது. மேற்கு உத்தரப்பிரதேசமும் பீகாரும் நோயின் கடைசிக் கோட்டைகளாக இருந்தன.

மேற்கு உத்தரப்பிரதேசத்தில் முஸ்லிம் குடும்பங்கள் பல சொட்டு மருந்தை மறுத்தன. அது மலட்டுத்தன்மையை உண்டாக்கும், நம் எண்ணிக்கையைக் குறைக்கச் செய்யும் சதி என்ற வதந்தி பரவியிருந்தது. இதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. சாக்கடையும் குடிநீரும் சரியில்லாத தெருவுக்கு, வேறு எதற்கும் வராத அரசு, சொட்டு மருந்துக்கு மட்டும் மாதந்தோறும் ஆள் அனுப்பினால் சந்தேகம் வராமல் இருக்குமா?

வீடு வீடாகப் போகும் பணியாளர்கள் சுவரில் சாக்கட்டியால் ஓர் எழுத்தை எழுதினார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து கொடுத்தாகிவிட்டால் 'பி'. யாராவது விடுபட்டிருந்தாலோ, மறுத்திருந்தாலோ 'எக்ஸ்'. இந்த எக்ஸ் வீடுகளை எப்படி பி ஆக்குவது என்பதுதான் கேள்வி. மேலும் மேலும் மருந்தை அனுப்பி அதைச் செய்ய முடியவில்லை. நம்பிக்கையான மனிதர்கள் தேவைப்பட்டார்கள்.

ரோட்டரி உலமாக்களைக் கொண்ட குழுவை அமைத்தது. ஜாமியா மில்லியா, அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா ஹம்தர்த் போன்ற கல்வி நிறுவனங்களும் யுனிசெஃப்புடன் சேர்ந்து களத்துக்கு வந்தன. ஜும்ஆ மேடைகளிலிருந்தும் மதரஸாக்களிலிருந்தும் அழைப்பு எழுந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தந்தத் தெருவைச் சேர்ந்த பெண்கள் கதவைத் தட்டினார்கள். முதல் நாள் கதவு திறக்காத வீட்டுக்கு மறுநாளும் போனார்கள். ஏச்சு வாங்கினார்கள். காய்ச்சலில் கிடந்த குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்துப் போக உதவினார்கள். சொட்டு மருந்தைப் பற்றிப் பிறகுதான் பேசினார்கள்.

2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு சிறுமிக்கு நோய் தொடங்கியதே நம் நாட்டின் இயற்கைப் போலியோ வைரஸால் வந்த கடைசிப் பாதிப்பு. 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய மண்டலம் போலியோ இல்லாத மண்டலமாகச் சான்று பெற்றது.

விழா நடந்தது. தலைவர்கள் பேசினார்கள். ஆனால் சுவரில் எக்ஸை அழித்து பி என்று எழுதிய கைகள் யாருடையவை? அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்த நூலிலும் இல்லை. இன்று கால் ஊன்றி நடக்கும் பிள்ளைகளுக்கும் அவர்கள் யாரென்று தெரியாது.

நம் கரையோரத்திலும் இதே நிலைதான். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தினர் மீனவ மக்களுக்கு உணவும் தங்கும் இடமும் கொடுத்துத் தாங்கினார்கள். நாகூரில் தர்கா நிலத்தில் உயிரிழந்தோர் அடக்கம் செய்யப்பட்டனர். கொரோனா காலத்தில் சொந்தக்காரர்களே நெருங்க அஞ்சிய உடல்களை, எந்த மதத்தவராயினும் அவரவர் முறைப்படி இறுதிப் பயணம் அனுப்பியவர்களில் நம் இளைஞர்கள் ஏராளம். செய்திகளில் அமைப்புகளின் பெயர் வந்தது. பாதுகாப்பு உடைக்குள் வியர்வையில் நனைந்து குழி வெட்டிய பையன் யார் என்று அவன் தெருவிலேயே பலருக்குத் தெரியாது.

மன்றங்கள் எப்படிக் கௌரவிக்கின்றன?

பெரிய சேவை அமைப்புகள் தம் உழைப்பாளிகளைக் கௌரவிக்கச் சில முறைகளை வைத்திருக்கின்றன. அவற்றில் இரண்டு நாம் கவனிக்க வேண்டியவை.

1947இல் பால் ஹாரிஸ் இறந்தபோது, அவர் நினைவாக உலகம் முழுவதிலுமிருந்து ரோட்டரி அறக்கட்டளைக்கு நன்கொடை குவிந்தது. அந்தப் பணம் மாணவர்களின் மேற்படிப்புக்கு உதவித்தொகையாகப் போனது. 1957இல் பால் ஹாரிஸ் ஃபெலோ என்ற கௌரவம் தொடங்கப்பட்டது. அறக்கட்டளைக்கு 1,000 டாலர் தருபவருக்கோ, யாருடைய பெயரில் அந்தத் தொகை தரப்படுகிறதோ அவருக்கோ அது வழங்கப்படும். லயன்ஸ் அமைப்பும் 1973இல் மெல்வின் ஜோன்ஸ் ஃபெலோ என்ற பெயரில் இதே போன்ற ஒன்றைத் தொடங்கியது. அதற்கும் அதே 1,000 டாலர்தான்.

"பணம் கொடுத்தால் பட்டமா?" என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. வசதியுள்ளவர் தம் பெயரிலேயே தொகையைக் கட்டி, சட்டையில் முள்சின்னம் குத்திக்கொள்ள முடியும். ஆனால் இந்த முறைக்கு அழகான இன்னொரு பக்கமும் இருக்கிறது. பல மன்றங்களில் உறுப்பினர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி, அவ்வளவு தொகை கட்ட வசதியில்லாத, ஆனால் ஆண்டுக்கணக்கில் உழைத்த ஒருவரின் பெயரில் செலுத்துகிறார்கள். அவருக்குச் சின்னம் கிடைக்கிறது. அந்தப் பணம் எங்கோ ஒரு கண் அறுவை சிகிச்சைக்கோ, குடிநீர்த் திட்டத்துக்கோ போகிறது. ஒருவருக்குச் செய்யும் மரியாதை, முன்பின் தெரியாத இன்னொருவருக்கு உதவியாக மாறுகிறது.

ஒருவர் பெயரில் தர்மம் செய்யும் வழக்கம் நமக்கு நன்கு தெரிந்ததே. இறந்த வாப்பாவின் பெயரில் கிணறு வெட்டுகிறோம், உம்மாவின் பெயரில் பள்ளிவாசலுக்கு மின்விசிறி வாங்கித் தருகிறோம். உயிரோடு இருக்கும் உழைப்பாளி ஒருவர் பெயரில் இரண்டு மாணவர்களின் கல்விக் கட்டணத்தை ஏன் கட்டக் கூடாது?

இரண்டாவது முறை, பணத்தைக் கணக்கில் எடுக்காதது. ரோட்டரியில் தன்னலத்துக்கு மேலான சேவை என்ற பெயரில் ஒரு விருது உண்டு. கொடுத்த நன்கொடைக்காக அல்லாமல், ஒருவர் தம் நேரத்தையும் உழைப்பையும் தந்து பிறருக்குச் செய்த தொண்டுக்காகத் தரப்படுவது அது. காசோலை தந்தவரையும் கால் கடுக்க நின்றவரையும் தனித்தனியாகப் பார்க்கும் வழக்கம் நம் மன்றங்களுக்கும் வர வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ரோட்டரி, லயன்ஸ் இரண்டும் தொடக்கத்தில் ஆண்களின் சங்கங்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1987ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு, 1989இல்தான் ரோட்டரி தன் விதியை மாற்றி உலகம் முழுவதும் பெண்களை உறுப்பினராக்கியது. லயன்ஸ் 1987இல் அனுமதித்தது. அதற்கு முன் பல்லாண்டுகளாக உறுப்பினர்களின் மனைவியரும் சகோதரிகளும் முகாம்களில் உழைத்தார்கள். ஏட்டில் அவர்கள் பெயர் இல்லை. நம் வீடுகளைத் திரும்பிப் பார்ப்போம். நிவாரண முகாமுக்கு ஐந்நூறு பேர் சாப்பாடு போனது என்றால், அரிசி களைந்தவர்கள் யார்? வெங்காயம் உரித்தவர்கள் யார்? கௌரவிக்கப்படுவோர் பட்டியலில் பெண்களின் பெயர் எத்தனை?

புகழ்ச்சியா, நன்றியா?

"நான் அல்லாஹ்வுக்காகச் செய்கிறேன், எனக்கு எதுவும் வேண்டாம்" என்று நம் தன்னார்வலர்கள் பலர் சொல்வார்கள். அது உண்மை. முகஸ்துதியைப் பற்றிய அச்சம் நல்ல மனிதர்களிடம் இருக்கத்தான் செய்யும். முகத்துக்கு நேராக அளவுக்கு மீறிப் புகழ்வதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்திருக்கிறார்கள்.

ஆனால் மக்களுக்கு நன்றி செலுத்துவதையும் அதே நபிதான் இறைவனுக்கு நன்றி செலுத்துவதோடு இணைத்துச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்வது அவருடைய பணிவு. அதையே சாக்காக வைத்து நாம் நன்றி சொல்லாமல் இருந்தால் அது நம்முடைய குறை. இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம்.

மதீனாவின் பள்ளிவாசலைப் பெருக்கிச் சுத்தம் செய்துவந்த ஒருவரைப் பற்றி புகாரி, முஸ்லிம் நூல்களில் வரும் செய்தியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவர் பெண்மணி என்று சில அறிவிப்புகளில் வருகிறது. அவர் இறந்துபோனார். சிறிய விஷயம் என்று எண்ணி நபியவர்களுக்குத் தெரிவிக்காமலே தோழர்கள் அடக்கம் செய்துவிட்டார்கள். அவரைக் காணவில்லையே என்று நபியவர்கள் விசாரித்தார்கள். செய்தி தெரிந்ததும், எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, கபர் இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லி, அங்கே போய்த் தொழுதார்கள்.

இதில் பட்டம் இல்லை, பரிசு இல்லை. ஒரு தலைவர் செய்த நான்கு காரியங்கள் இருக்கின்றன. அவர் இல்லாததைக் கவனித்தார்கள். அவரைப் பற்றி விசாரித்தார்கள். சிறியவர் என்று ஒதுக்கியதைத் திருத்தினார்கள். தாமே நடந்து போனார்கள். கௌரவம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டுமா?

ஒரே ஒருவரின் தோளில்

கௌரவத்தைப் பற்றிப் பேசும்போது கசப்பான ஓர் உண்மையையும் பேச வேண்டும். பல ஊர்களில் நாம் உழைப்பாளியைக் கௌரவிப்பது, மேலும் வேலை வாங்குவதற்காகவே. "நீங்க இல்லாம எதுவும் நடக்காது காக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையையும் அவர் தலையில் வைக்கிறோம்.

இரத்ததானத்தை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் 18 முதல் 65 வயது வரை, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் போதிய ஹீமோகுளோபினும் உள்ளவர்கள் இரத்தம் தரலாம். ஆண்கள் ஒருமுறை தந்தால் 90 நாட்களும், பெண்கள் 120 நாட்களும் இடைவெளி விட வேண்டும். ஆகவே இரத்தம் ஏற்பாடு செய்பவருக்கு யாருக்கு என்ன பிரிவு என்பதோடு, யார் எப்போது கடைசியாகக் கொடுத்தார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார், எவர் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறார், யாரை நள்ளிரவில் அழைக்கலாம் என்ற விவரமெல்லாம் வேண்டும். பல மன்றங்களில் இவ்வளவும் ஒரே ஒருவரின் செல்பேசியிலும் மூளையிலும் இருக்கிறது.

அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால்? செல்பேசி தொலைந்தால்? மகள் நிக்காஹ் வேலையில் பத்து நாள் அவரால் அழைப்பை எடுக்க முடியாமல் போனால்? பாதிக்கப்படுவது பிரசவ அறை வாசலில் நிற்கும் ஒரு குடும்பம்.

அவர் குடும்பத்தையும் நினைக்க வேண்டும். பெட்ரோல் அவர் கைக்காசு. செல்பேசிக் கட்டணம் அவர் கைக்காசு. கடையைப் பாதியில் அடைத்துவிட்டு ஓடிவந்ததால் போன வியாபாரம் அவருடையது. ஊர்ப் பிள்ளைக்கு அட்மிஷன் வாங்கித் தர அலைந்தவர், தம் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருக்க மாட்டார். மனைவி மனத்தாங்கலை வெளியே சொல்வதில்லை. மேடையில் அவருக்குச் சால்வை போர்த்தும் நாம், இந்தக் கணக்கை ஒருநாளும் கேட்டதில்லை.

எனவே உண்மையான முதல் மரியாதை சுமையைப் பங்கிட்டுக்கொள்வதுதான்.

நாம் செய்யக் கூடியவை

ஜமாஅத், இளைஞர் மன்றம், சேவைச் சங்கம், முன்னாள் மாணவர் அமைப்பு என எதுவாக இருந்தாலும் இவற்றைச் செய்து பார்க்கலாம்.

முதலாவது, உயிரோடு இருக்கும்போதே சொல்லுங்கள். இரங்கல் கூட்டத்தில் நாம் சொல்லும் நல்ல வார்த்தைகளில் பத்தில் ஒன்றை அவர் காதில் விழும்படி சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று எத்தனை முறை வருந்தியிருக்கிறோம்!

இரண்டாவது, அவரிடம் கேளுங்கள். மேடை பிடிக்காதவரை மேடையில் ஏற்றுவது தண்டனை. சிலருக்கு வீட்டுக்கு வந்து நாலு பேர் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போவதே போதும். சிலருக்குப் பிள்ளைகளின் முன்னால் சொன்னால் மகிழ்ச்சி.

மூன்றாவது, குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நன்றியின் பாதி, அவரை விட்டுக்கொடுத்த வீட்டாருக்கு உரியது. அதை அவர்கள் கேட்கும்படி சொல்ல வேண்டும்.

நான்காவது, பட்டத்தைவிட விவரத்தைச் சொல்லுங்கள். சேவைச் செம்மல், மனிதநேய மாமணி, தொண்டின் சிகரம் என்று நாம் தரும் பட்டங்களை யாருக்கு வேண்டுமானாலும் மாற்றிக் கொடுக்கலாம். அதனாலேயே அவற்றுக்கு எடை இல்லை. மாறாக, வெள்ளம் வந்த அந்த ஆண்டு பதினோரு நாள் நம் பள்ளிவாசல் முகாமில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டவர் இவர் என்று ஒரு வரி சொல்லிப் பாருங்கள். அது அவருக்கு மட்டுமே பொருந்தும். சொல்வதில் மிகை இல்லாததால் அவருக்கும் கூச்சமாக இருக்காது. கேட்கும் இளைஞனுக்கு, இதை நானும் செய்யலாமே என்று தோன்றும்.

ஐந்தாவது, உதவி பெற்றவர்களை மேடையில் நிறுத்தாதீர்கள். தன்னார்வலரின் பெருமையைக் காட்ட, அரிசிப் பை வாங்கிய விதவையின் முகத்தைப் புகைப்படத்தில் போடுவது இரண்டு பேருக்கும் அவமானம். நல்ல தன்னார்வலர்கள் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள்.

ஆறாவது, கைக்காசைத் திருப்பித் தாருங்கள். பயணச் செலவுக்கும் தொலைபேசிக்கும் மன்றக் கணக்கில் ஒரு தலைப்பு வைத்து, ரசீது கேட்டு வாங்கிக் கொடுக்கலாம். இது கூலி ஆகாது. வசதி குறைந்தவர்களும் சேவைக்கு வரக் கதவைத் திறந்து வைப்பது இது. கைக்காசு செலவழிக்க முடிந்தவர் மட்டுமே தொண்டு செய்யலாம் என்றால் நல்ல உள்ளங்கள் பாதி வெளியே நின்றுவிடும்.

ஏழாவது, அவர் அறிந்ததை எழுதி வையுங்கள். இரத்தப் பிரிவுப் பட்டியல், மருத்துவமனையில் யாரைப் பார்க்க வேண்டும், ஜனாஸா வாகனத்துக்கு யாரிடம் பேச வேண்டும், ஆதரவற்ற உடலைப் பெறக் காவல் நிலையத்தில் என்ன கடிதம் தர வேண்டும் என்பதையெல்லாம் இரண்டு இளைஞர்களை அவருடன் ஆறு மாதம் நடக்க வைத்துக் கற்கச் செய்யுங்கள். சொந்தத் தகவல்களை வெளியில் பரப்பாமல் பொறுப்பானவர்களிடம் மட்டும் வையுங்கள். தாம் தொடங்கிய வேலை தமக்குப் பிறகும் நடக்கும் என்று தெரிவதைவிட ஒரு தொண்டருக்குப் பெரிய விருது கிடையாது.

எட்டாவது, ஓய்வு கொடுங்கள். முறை வைத்து வேலையைப் பிரியுங்கள். இந்த மாதம் இவர், அடுத்த மாதம் அவர். பத்து ஆண்டு ஓடியவர் ஒரு ஆண்டு உட்கார்ந்திருந்தால், "இப்பல்லாம் அவரைக் காணோமே" என்று குறை பேசாதீர்கள். காணவில்லையே என்று நலம் விசாரிக்கப் போங்கள்.

எந்த நாளில்?

ஐக்கிய நாடுகள் அவை 1985இல் எடுத்த முடிவின்படி ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 5 உலகத் தன்னார்வலர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஜூன் 14 உலக இரத்ததானம் செய்வோர் நாள். அக்டோபர் 1 இந்தியாவில் தேசியத் தன்னார்வ இரத்ததான நாள். மன்றங்கள் இந்த நாட்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் நாட்காட்டிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளின் பொருட்டாவது இதை நாம் செய்ய வேண்டும். யாரைப் பார்த்து ஊர் எழுந்து நிற்கிறது என்பதை நம் பிள்ளைகள் கவனிக்கிறார்கள். பெரிய கார் வந்தால் எழுகிறோம், பதவி வந்தால் எழுகிறோம். ஒருநாள் சைக்கிளில் வரும் ஒருவருக்காக நாம் எழுந்து நின்றால், ஏன் என்று பிள்ளை கேட்கும். பதில் சொல்ல நமக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கும். அந்தப் பதில் அதன் மனத்தில் பல வருடம் இருக்கும்.

அடுத்த விழாவில் பொன்னாடைப் படலம் முடிந்ததும் உடனே வீட்டுக்குக் கிளம்பிவிடாமல் கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள். மண்டபம் காலியாகும். விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும். ஒருவர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருப்பார். அவர் பெயர் தெரியாவிட்டால் கேளுங்கள். சாப்பிட்டாரா என்று கேளுங்கள். பிறகு உங்கள் பக்கத்து வரிசையிலிருந்து நீங்களும் அடுக்கத் தொடங்குங்கள், உங்கள் பிள்ளையையும் கூப்பிட்டுக்கொண்டு.